பரம்பரையாக வந்ததற்குப் பத்தியம் எதற்கு?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கும் 38 வயது நண்பர் ஒருவர், தம் இரத்தப் பரிசோதனைச் சீட்டை முன்வைத்து மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருந்திருக்க, மரபணுவிலேயே வந்துவிட்ட ஒன்றைச் சாப்பாட்டை மாற்றித் தடுக்க முடியுமா என்பது முதற்கேள்வி. எச்சிலை அனுப்பினால் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டலாமா என்பது இரண்டாவது. ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கும் மனைவியின் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் இது போய்ச் சேருமா என்பது மூன்றாவது. உயரம் 166 செ.மீ., எடை 66 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ., வெறும் வயிற்றில் சர்க்கரை 108, இரத்தத்தில் ஓடும் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் 36, இரத்த அழுத்தம் 128/84. கடையை அடைத்துவிட்டு வந்து இரவு 10 மணிக்கு மேல்தான் வயிறாரச் சாப்பிடுவதாகவும், பகலில் நான்கு முறை தேநீர் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

நான் மருத்துவர் அல்லன். புதுச்சேரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்துபவன். ஆகவே மருந்து பற்றி எதுவும் சொல்லமாட்டேன். உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சீட்டு சொல்வது என்னவென்று பார்த்துவிடுவோம். கவனிக்க வேண்டிய எச்சரிக்கை அளவுகள் ஐந்து. இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி என்று 2009-இல் உலக அமைப்புகள் கூடி வரையறுத்தன. உங்களுக்கு நான்கு இருக்கின்றன. உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு 24-க்குச் சற்றுக் குறைவாக இருப்பதால், பார்ப்பவர்கள் உங்களை ஒல்லி என்றுகூடச் சொல்லக்கூடும். நம் மக்களிடம் இது வியப்பான செய்தி அன்று. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், இலண்டனின் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள்: இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாததை இடுப்பைச் சுற்றிய அளவு நாடா சொல்லிவிடுகிறது.

இனி முதற்கேள்வி. நீங்கள் சாப்பிடும் எதுவும் அப்பாவிடமிருந்து வந்த மரபணுவின் எழுத்துகளை மாற்றப்போவதில்லை. ஆனால் உடல் அந்த எழுத்துகள் அனைத்தையும் எப்போதும் படித்துக்கொண்டிருப்பதும் இல்லை. உங்கள் கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. எவற்றைத் திறந்து படிப்பது, எவ்வளவு படிப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் கல்லீரல் கல்லீரலாகவும் தோல் தோலாகவும் நிற்கின்றன. இந்தத் திறப்பும் மூடலும்தான் மரபணு ஒழுங்கமைவு. அதன் ஒரு பகுதி வாழ்நாள் முழுதும் மாறாது. இன்னொரு பகுதி வேளைக்கு வேளை, தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சர்க்கரை நோய்க்கும் தொப்பைக்கும் தொடர்புடையவையாகக் கண்டறியப்பட்ட மரபணு வேறுபாடுகளில் பெரும்பாலானவை எந்தப் புரதத்தையும் கெடுப்பவை அல்ல. அவை மரபணுக்களுக்கு இடையிலோ, மரபணுவுக்குள்ளேயே புரதத்துக்கான எழுத்து இல்லாத இடங்களிலோ உள்ள ஒழுங்குபடுத்தும் பகுதிகளில் இருப்பவை. 2007-இல் உடல் பருமனோடு இணைத்துப் பேசப்பட்ட எஃப்டிஓ மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஓர் எழுத்து மாற்றம், தொலைவிலுள்ள ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 என்னும் வேறு இரண்டு மரபணுக்களின் பூட்டைத் தளர்த்திவிடுகிறது என்றும், அதனால் கொழுப்பை எரிக்கும் திசையில் வளர வேண்டிய இளம் கொழுப்புச் செல்கள் சேமிக்கும் திசையில் திரும்புகின்றன என்றும் 2015-இல் விளக்கினார்கள். ஆக, தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்தது உடைந்துபோன ஒரு கருவி என்று எண்ணாதீர்கள். சற்று இளகிய திருகு ஒன்று வந்திருக்கிறது. அந்தத் திருகின்மேல் வேறு கைகளும் இருக்கின்றன. 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளைத் திரட்டி 2011-இல் ஆராய்ந்தபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதே எஃப்டிஓ வேறுபாட்டால் பருமன் வரும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு தணிந்திருந்தது. எழுத்து அதேதான், விளைவுதான் வேறு.

இரவு 10 மணிக்கு நீங்கள் உட்காரும் அந்தச் சாப்பாட்டுக்கு வருகிறேன். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

பொன்னி அரிசிச் சோறு, சாம்பார், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று வைத்துக்கொள்வோம். சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகி, குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் இறங்குகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரல் செல்லின் உட்கருவில் ஃபாக்ஸோ-1 என்னும் புரதம் அதுவரை அமர்ந்துகொண்டு, புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களைத் திறந்து வைத்திருந்தது. பட்டினி நேரத்தில் மூளைக்குச் சர்க்கரை கிடைக்க வேண்டும் என்பதற்காக. இன்சுலின் வந்ததும் அந்த ஃபாக்ஸோவின்மேல் பாஸ்பேட் முத்திரை விழுகிறது. அது உட்கருவை விட்டு வெளியேறுகிறது. சர்க்கரை தயாரிப்பு நிற்கிறது. அதே நேரத்தில், செல்லுக்குள் இருக்கும் உட்சவ்வு ஒன்றில் கட்டப்பட்டுக் கிடந்த இன்னொரு புரதத்தை, ஆய்வுக்கூடப் பேச்சில் ஸ்ரெப்-1சி என்பார்கள், இன்சுலின் அவிழ்த்துவிடுகிறது. அது வெட்டப்பட்டு, வெட்டிய துண்டு உட்கருவுக்குள் போய், கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களைத் திறக்கிறது. இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமல் குளுக்கோஸையே நேரடியாக உணர்ந்து அதே கொழுப்பு மரபணுக்களைத் திறக்கும் மூன்றாவது புரதமும் உண்டு. அதன் பெயர் க்ரெப். எஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பத்திரப்படுத்துவதே இவ்விரண்டின் வேலை. பஞ்சம் வந்துபோன ஊரில் இது நல்ல ஏற்பாடுதான்.

கோளாறு எங்கே வருகிறது? இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினின் சொல்லுக்குச் செல்கள் சரியாகச் செவிசாய்க்காத நிலை, ஏற்பட்ட கல்லீரலில் இந்த இரண்டு உத்தரவுகளும் ஒரே அளவில் பழுதாவதில்லை. சர்க்கரை தயாரிப்பை நிறுத்து என்ற உத்தரவு காதில் விழுவதில்லை. கொழுப்பைத் தயாரி என்ற உத்தரவு மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கொலஸ்டிரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் பரிசு பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 2008-இல் இந்த ஓரவஞ்சனையைச் சுட்டிக்காட்டி, நோயின் மையப் புதிரே இதுதான் என்று எழுதினார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கணையம் இன்னும் அதிக இன்சுலினை ஊற்றுகிறது. அந்த அதிக இன்சுலின் கொழுப்புத் தயாரிப்பை மேலும் முடுக்குகிறது. தயாரான கொழுப்பில் ஒரு பங்கு கல்லீரலிலேயே தங்குகிறது. மறு பங்கு டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏறுகிறது. டிரைகிளிசரைடு ஏறினால், இரத்தத்தில் நடக்கும் பண்டமாற்றில் எச்டிஎல் துகள்கள் தேய்ந்து விரைவில் கழிந்துவிடுகின்றன.

இப்போது உங்கள் சீட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். சர்க்கரை 108, டிரைகிளிசரைடு 210, எச்டிஎல் 36. மூன்று தனித்தனி நோய்கள் போலத் தோன்றுபவை, ஒரே கல்லீரலில் ஒரு பூட்டு மூடாமலும் இன்னொரு பூட்டு திறந்தபடியும் கிடப்பதன் மூன்று தடயங்கள். எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடுவதில்லை, பிறகு ஏன் கொழுப்பு என்று கேட்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது: அந்த டிரைகிளிசரைடில் கணிசமான பங்கு எண்ணெயிலிருந்து வந்ததன்று, சோற்றிலும் சர்க்கரையிலும் செய்தது.

தேநீரையும் விட்டுவிடக்கூடாது. ஒரு தேநீருக்கு இரண்டு சிறு கரண்டி என்றால், நான்கு தேநீருக்கு எட்டுக் கரண்டி, ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. கரும்புச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடல் முழுதும் பங்கிட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பங்கைக் குடலும் கல்லீரலுமே ஏற்றுக்கொள்கின்றன, அதுவும் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாத ஒரு வழியாக. க்ரெப்பை முடுக்குவதில் அது கெட்டிக்காரச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டால் இது மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

நேரமும் ஒரு கட்டளைதான். கல்லீரலுக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. அதன் முள்ளாக இயங்குபவையும் மரபணுக்களே. இந்தக் கடிகார மரபணுக்களைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. கல்லீரலின் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. இரவில் உறக்க ஹார்மோனான மெலட்டோனின் சுரக்கத் தொடங்கிய பிறகு கணையத்தின் இன்சுலின் சுரப்பு தணிகிறது. அந்த நேரத்தில் நாளின் பெரிய சாப்பாட்டை வைத்தால், அதே சோறு பகலில் ஏற்றுவதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றும். மாலை 7 மணியளவில் கடையிலேயே முக்கிய உணவை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் மோரோடு நிறுத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சோற்றின் அளவைக் குறைப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம்.

உண்ணும் வரிசையும் அப்படியே. சென்ற ஆண்டு மாணவர்களுக்குக் காட்டுவதற்காக என் விரலையே குத்திச் சர்க்கரையை அளந்தேன். ஒரு நாள் காலை நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். ஒரு மணி நேரம் கழித்து 171. மறுநாள் முதலில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு முட்டை, பிறகு இரண்டு இட்லி. அதே நேரத்தில் 128. ஒருவருடைய விரல் எதையும் நிரூபிக்காது, இட்லியும் பாதியாகியிருந்தது. ஆனால் உணவைக் குறைக்காமல், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இன்சுலினும் தணிகின்றன என்பதை நோயாளிகளிடம் முறையாகச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலின் தணிந்தால் ஸ்ரெப்பின் கட்டு அவ்வளவாக அவிழ்வதில்லை.

சேர்க்க வேண்டியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்போதும் விலக்குவதையே பேசினால் யாரும் நான்கு நாளுக்கு மேல் நீடிக்கமாட்டார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 கொழுப்பமிலம் மிகுந்த மீன்கள். இந்தக் கொழுப்பமிலம் ஸ்ரெப்-1சியை அடக்குகிறது. கொழுப்பை எரிக்கும் மரபணுக்களைத் திறக்கும் பிபார்-ஆல்ஃபா என்னும் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அதாவது மீன்கொழுப்பு வெறும் எரிபொருள் அன்று. அதுவே ஒரு செய்தி. விலையுயர்ந்த வஞ்சிரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். பயறு, கீரை, அவரை, காராமணி ஆகியவற்றின் நார்ச்சத்து பெருங்குடல் நுண்ணுயிரிகளிடம் போய்ப் பியூட்டிரேட் ஆகிறது. மரபணு இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளிலிருந்து அசெட்டைல் குறிகளைக் கழற்றும் நொதியைத் தடுக்கும் ஆற்றல் அந்தச் சிறு அமிலத்துக்கு உண்டு. குறிகள் நின்றால் இழை தளர்ந்து மரபணு படிக்கப்படும். தட்டில் விழும் ஒரு பிடி காராமணி குடற்சுவரின் உட்கரு வரை பேசுகிறது என்பது எத்தனை முறை நடத்தினாலும் எனக்குச் சலிக்காத பாடம்.

நடையையும் இதே கணக்கில் வையுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இன்சுலின் எதிர்ப்பு உள்ள இளைஞர்கள் ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்துவிட்டு மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபோது, கல்லீரலில் புதிதாகக் கொழுப்பு தயாராவது குறைந்தது. தசை தன் பங்குச் சர்க்கரையை வாங்கிக்கொண்டதால் கல்லீரலின் தலையில் அது விழவில்லை. கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். நிற்பதும் நடப்பதும் தசைக்கு ஒன்றல்ல.

இவையெல்லாம் மணிக்கணக்கில் மாறுபவை. இவற்றைவிட மெதுவாக மாறும் குறிகளும் உண்டு. மேல்மரபியல் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மரபணு எழுத்தின்மேல் ஒட்டும் மெத்தில் குறி எழுத்தை மாற்றாமல் அதன் வாசிப்பை மட்டும் மாற்றுகிறது. இலண்டனில் வாழும் தெற்காசியர்களிடம் நடந்த ஆய்வொன்று 2015-இல் ஐந்து மரபணு இடங்களின் மெத்தில் குறிகள் பின்னாளில் வரும் சர்க்கரை நோயோடு தொடர்புடையவை என்று காட்டியது. அவற்றில் ஒன்று நாம் மேலே பார்த்த ஸ்ரெப்பின் மரபணுவேதான். ஆனால் இங்கே அவசரப்படக்கூடாது. 2017-இல் வந்த பெரிய ஆய்வு, உடல் எடையோடு தொடர்புடைய 187 இடங்களின் குறிகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை பருமனுக்குக் காரணம் அல்ல, பருமனின் விளைவே என்று முடிவுகட்டியது. எனவே மேல்மரபியல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஏழு தலைமுறைச் சாபம்போலப் பேசுபவர்களை நம்ப வேண்டாம். ஒரு பொடியால் குறிகளைத் துடைத்துவிடுகிறேன் என்பவர்களையும் நம்ப வேண்டாம்.

எச்சில் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்று இரு பிரிவாக 12 மாதம் பின்பற்றினார்கள்; யாருடைய மரபணு எந்த உணவுக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார்கள். முடிவில் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எடை குறைந்தது. மரபணுப் பொருத்தம் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. உங்கள் குடும்பத்து மரபணு எப்படிப்பட்டது என்பதை அப்பாவின் வரலாறும் உங்கள் இடுப்பளவும் ஏற்கெனவே செலவில்லாமல் சொல்லிவிட்டன. அந்தப் பணத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும், கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை மருத்துவரிடம் காட்டலாம்.

மூன்றாவது கேள்வியை நீங்கள் கடைசியில் ஒற்றை வரியில் கேட்டிருந்தாலும், அதைத்தான் அதிக அக்கறையோடு கேட்டீர்கள் என்று தோன்றுகிறது. 1944–45 குளிர்காலத்தில், போரின் இறுதியில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கடும் பட்டினியில் கிடந்தது. கருத்தரித்த காலத்தில் அந்தப் பஞ்சத்துக்கு ஆளானவர்களை ஆறு பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்2 மரபணுவின் மெத்தில் குறி அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. பஞ்சத்தைக் கருவின் கடைசி மாதங்களில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே தாயின் உணவு குழந்தையின் மரபணுக்குறிகளைத் தொடும் என்பது உண்மை. எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். உங்கள் உடலிலுள்ள குறிகளைப் பொறுத்தவரை, கருவுற்ற சில நாட்களில் பெரும்பாலான மெத்தில் குறிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. மரபணுவின் எழுத்து பாதி உங்களிடமிருந்து போயிருக்கிறது. உங்கள் டிரைகிளிசரைடு 210 அப்படியே போகவில்லை.

மனைவிக்கு இப்போது செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கர்ப்ப கால முதற்பரிசோதனையில் பார்த்திருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்; 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. தாயின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், அதன் சிறு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சோற்றை ஏற்றிப் பரிமாறினால், ஏற்ற வேண்டியது பருப்பும் முட்டையும் கீரையும் என்று அத்தையிடமோ அம்மாவிடமோ பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பட்டினியும் கூடாது, உங்கள் பத்தியத்தை அவர்மேல் ஏற்றவும் கூடாது. அவர் சைவம் என்றால் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். மெத்தில் குறியைச் செய்வதற்கான மூலப்பொருளைத் தயாரிப்பதில் ஃபோலிக் அமிலமும் பி12-உம் கூட்டாளிகள். புனேயில் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்ததை 2008-இல் தெரிவித்தது. இதைப் படித்துவிட்டு ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி12 குறை இருந்தால் மருத்துவர் சொல்படி அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. நாடு முழுவதுக்குமான அளவு 11.4. மரபணு எழுத்து இரண்டு தலைமுறைக்குள் மாறுவதில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் இந்த ஊரில் இத்தனை பேருக்கு இது இருந்ததில்லை. எழுத்து அப்படியே இருக்க, மாறியது தட்டும் வேலையும் தூக்கமும்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தேநீர்ச் சர்க்கரையும் இரவு நேரமும் முதலில். ஏனென்றால் டிரைகிளிசரைடுதான் சீக்கிரம் இறங்கும், சில வாரங்களிலேயே. எச்பிஏ1சி மெதுவாகவே காட்டும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் மூன்று மாதம் ஆவதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துப் பயனில்லை. டிரைகிளிசரைடு பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய இரவு கல்யாண விருந்துக்குப் போய்விடாதீர்கள். 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். இடுப்பை அளக்கும்போது வயிற்றை எக்காமல், மூச்சை வெளியே விட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வையுங்கள். பேண்ட் அளவைச் சொல்வது அளவாகாது.